எந்த மருத்துவமனை, எந்தச் சிகிச்சை?

கல்யாணமாகி ஆறு மாதம் ஆனால் போதும், "விசேஷம் ஏதும் இல்லையா?" என்று கேட்க ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள். ஓராண்டு கடந்தால் கேள்வி யோசனையாக மாறிவிடும். திருக்கருகாவூர் கோயிலுக்குப் போய் வாருங்கள் என்பார் ஒருவர். சேலத்தில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், நல்ல கைராசி என்பார் இன்னொருவர். நம்மில் பெரும்பாலோர் குழந்தைப்பேறு மருத்துவமனையைத் தேர்ந்துகொள்வது இப்படித்தான். சித்தி மகளுக்கு அங்கே பிறந்தது, டிவியில் அந்த டாக்டர் பேசினார், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெரிய போர்டு இருந்தது. லட்சக்கணக்கில் பணத்தையும், ஒரு பெண்ணின் உடம்பையும், இருவரின் சில வருடங்களையும் கேட்கப்போகிற முடிவுக்கு இவ்வளவு சொற்பமான விவரம் போதாது.

ஒரு மருத்துவமனையின் தரம் முதல் இரண்டு மூன்று வருகைகளிலேயே தெரிந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். காரணத்தைத் தேடும் முன்பே சிகிச்சையின் பெயரைச் சொல்கிறார்களா, வெற்றிக் கணக்கை எதன் மீது போட்டுச் சொல்கிறார்கள், எந்தச் செலவையாவது "உங்களுக்கு இது வேண்டாம்" என்று தள்ளுகிறார்களா. கட்டடமும் கைராசியும் இவற்றுக்கு அப்புறம்தான்.

முதலில் அவசரத்தைப் பற்றி. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கைப்படி, வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் கருத்தரிப்புச் சிக்கலைச் சந்திப்பவர்கள் ஏறத்தாழ ஆறில் ஒருவர். இது யாருக்கும் நேரக்கூடியது, தலைகுனிய இதில் எதுவுமில்லை. அதே சமயம், சேர்ந்து வாழும் நூறு தம்பதிகளில் 80க்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் ஆண்டிலேயே கரு தங்கிவிடுகிறது. மிச்சமிருப்பவர்களில் பாதிப் பேருக்கு இரண்டாம் ஆண்டில். அதனால்தான் ஓராண்டு முயன்றும் நிற்கவில்லை என்றால் பரிசோதனை என்ற வரையறை வந்தது. மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதம். மாதவிலக்கு மாதக்கணக்கில் வராமல் போகிறது, வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, புற்றுநோய்க்கு மருந்து எடுத்திருக்கிறார்கள் என்றால் காத்திருக்கவே வேண்டாம். ஆனால் 26 வயதுப் பெண், ஒழுங்கான மாதவிலக்கு, கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது என்ற நிலையில் ஐ.வி.எஃப். எனும் சோதனைக்குழாய்ச் சிகிச்சையைப் பேசுகிற இடம் சரியான இடமல்ல.

திண்டுக்கல் பக்கத்து ஒரு தம்பதியின் ஃபைலைப் புரட்டிப் பார்க்க நேர்ந்தது. அதில் முக்கால்வாசித் தாள்கள் மனைவியின் பெயரில் இருந்தன. மாதம் தவறாமல் எடுத்த ஃபாலிக்குலர் ஸ்கேன்கள், ஹார்மோன் பரிசோதனைகள், ஒரு லேப்ராஸ்கோப்பி. கணவரின் பெயரில் இருந்தது ஒரே ஒரு தாள், அதுவும் மூன்றாவது மருத்துவமனையில் எடுத்தது. காரணம் அந்தத் தாளில்தான் இருந்தது. அந்தப் பெண் மயக்க மருந்தும் வயிற்றில் துளையும் வாங்கிக்கொண்ட பிறகு.

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் சேர்ந்திருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசி வேண்டாம், மயக்கம் வேண்டாம், சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஆனாலும் "எனக்கு ஒன்றுமில்லை" என்ற ஒற்றை வரியில் அதைத் தள்ளிப்போடும் ஆண்களும், "அவனை எதற்கு இழுக்கிறீர்கள்?" என்று கேட்கும் மாமியார்களும் இருக்கிறார்கள். அந்தக் கூச்சத்துக்கு மருத்துவமனையும் இணங்கிப்போனால் அங்கே நடப்பது மருத்துவமே அல்ல. இருவரையும் முதல் நாளே சேர்த்து உட்காரவைத்துப் பேசும் மருத்துவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது என்று கொள்ளலாம்.

அந்தப் பரிசோதனையைச் சரியாகச் செய்வதற்கும் ஒரு முறை உண்டு. இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் உறவு இடைவெளி வேண்டும். ஆய்வகத்திலேயே எடுப்பது நல்லது. வீட்டிலிருந்து கொண்டுபோனால், டப்பாவைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கொஞ்சம் சிந்தியிருந்தால், குறிப்பாக முதல் துளிகள், வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கவுண்ட் குறைவு என்று தவறான தாள் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லையாகச் சொல்லப்படுவது 1.4 மில்லி அளவு, மில்லிக்கு ஒரு கோடியே 60 லட்சம் அணுக்கள், 42 சதவீத அசைவு. இதற்குக் கீழே இருந்தால் குழந்தை பிறக்காது என்று பொருளில்லை. ஓராண்டுக்குள் தகப்பனான ஆண்களிலேயே நூற்றில் ஐந்து பேர் இந்த எல்லைக்குக் கீழேதான் இருந்தார்கள். விந்தணு உருவாக இரண்டரை மாதம் போல் ஆகும் என்பதால், போன மாதம் வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய தாளில் தெரியும். ஒரு தாளை வைத்து முடிவு கட்டாமல் மூன்று மாதம் கழித்து இன்னொரு தாள் கேட்பவரே கவனமான மருத்துவர். கூடவே ஒன்றைக் கேட்டாரா என்றும் பாருங்கள்: ஜிம்மில் உடம்பு ஏற்ற ஊசி ஏதும் போடுகிறீர்களா? வெளியிலிருந்து ஏற்றும் டெஸ்டோஸ்டிரோன், உடம்பின் சொந்த விந்து உற்பத்தியை நிறுத்திவிடும். ஆண்மைக்கு நல்லது என்று நம்பி அதைப் போட்டுக்கொண்டு, கவுண்ட் பூஜ்யம் என்ற தாளோடு வந்து நிற்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பலருக்கு ஊசியை நிறுத்திப் பொறுத்திருந்தாலே அணுக்கள் திரும்பி வருகின்றன.

மனைவியின் பக்கம் பார்க்க வேண்டியவை மூன்று: மாதாமாதம் முட்டை வெடிக்கிறதா, கருக்குழாய் திறந்திருக்கிறதா, கருப்பையில் கட்டியோ சதை வளர்ச்சியோ இருக்கிறதா. குழாயைப் பார்க்க ஹெச்.எஸ்.ஜி. எனும் சாயம் ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே போதும். இதில் ஒரு சிக்கல் உண்டு. வலியில் குழாயின் வாய் இறுகிக்கொண்டாலும் படத்தில் அடைப்பு போலவே தெரியும். ஒரு படத்தைக் காட்டி "ரெண்டு பக்கமும் பிளாக், நேரா ஐ.வி.எஃப்.தான்" என்று சொன்னால், அடைப்பு கருப்பையை ஒட்டிய முனையிலா, வெளி முனையிலா என்று கேளுங்கள். உள் முனையில் என்றால் இன்னொரு முறை உறுதிசெய்து கொள்வதில் நஷ்டமில்லை. வெளி முனை அடைத்து நீர் கோத்திருந்தால் கதை வேறு. அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து கருவைத் தங்கவிடாது, எனவே ஐ.வி.எஃப்.புக்கு முன்பே அந்தக் குழாயை அகற்றவோ கட்டவோ வேண்டும். நம் நாட்டில் குழாய் அடைப்புக்குக் காசநோயும் ஒரு முக்கியக் காரணம். இருமலோ சளியோ இல்லாமலே அது அடிவயிற்றில் வந்து போயிருக்கலாம்.

ஏ.எம்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று அதைக் காட்டித்தான் அதிகம் பயமுறுத்துகிறார்கள். சினைப்பையில் முட்டை எவ்வளவு மிச்சம் என்பதை அது ஓரளவு காட்டும். முட்டையின் தரத்தைக் காட்டாது. ஐ.வி.எஃப்.புக்குப் போடும் ஊசி மருந்தின் அளவை முடிவுசெய்ய அது உதவும். ஆனால் இயற்கையாகக் கருத்தரிப்பார்களா என்பதைக் கணிக்க உதவாது. 30 முதல் 44 வயது வரையான பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், ஏ.எம்.ஹெச். குறைந்தவர்களும் மற்றவர்களைப் போலவே கருத்தரித்தார்கள். 28 வயதுப் பெண்ணிடம் இந்த ஒரு எண்ணை மட்டும் காட்டி "டோனர் முட்டை" என்று பேச்செடுத்தால், இரண்டாவது மருத்துவரைப் பார்க்காமல் எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

காரணம் தெரிந்த பிறகு சிகிச்சை படிப்படியாகப் போக வேண்டும். நம் பெண்களிடம் மிகப் பரவலாக இருக்கும் நீர்க்கட்டிப் பிரச்சினையில், எடை கூடியிருப்பவர்கள் அதில் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகி முட்டை வெளிவருகிறது. அடுத்து லெட்ரோசோல் மாத்திரை. இதை 2011இல் கருத்தரிப்புக்குத் தரக் கூடாது என்று இந்திய அரசு தடைசெய்தது, 2017இல் தடை நீங்கியது. நடுவில், 2014இல், நீர்க்கட்டி உள்ள பெண்களிடம் பழைய குளோமிஃபீனைவிட லெட்ரோசோலில் குழந்தை பிறப்பு கூடுதல் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியிருந்தது: 19.1 சதவீதத்துக்கு எதிராக 27.5. சில ரூபாய் மாத்திரையில் முடியக்கூடிய பிரச்சினைக்கு லட்ச ரூபாய்ச் சிகிச்சை கட்டாயம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஐ.யு.ஐ. என்பது விந்தைக் கழுவிச் செறிவாக்கிக் கருப்பைக்குள் விடுவது. குழாய் திறந்திருக்க வேண்டும், விந்தில் போதுமான அசைவு இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் ஐ.யு.ஐ. செய்வது பணத்தை இறைப்பது. ஒரு முறைக்கு நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்குப் பலிக்கும். மூன்று, நான்கு முறைக்கு மேல் போவதற்குத் தெளிவான காரணம் வேண்டும். எட்டு, பத்து ஐ.யு.ஐ. செய்து மூன்று வருடம் போக்கிய ஃபைல்களும் உண்டு. மனைவிக்கு 38 வயது என்றால் அந்த மூன்று வருடத்தை எந்த மருந்தும் திருப்பித் தராது. சீக்கிரமே ஐ.வி.எஃப்.புக்குத் தள்ளுவதைப் போலத்தான் இதுவும், நோயாளியின் நேரத்துக்கு மதிப்புத் தராத மருத்துவம்.

ஐ.வி.எஃப். இப்போது ஊருக்கு ஊர் வந்துவிட்டது. 1978 ஜூலையில் இங்கிலாந்தின் ஓல்டமில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்து மூன்று மாதம் ஆகும் முன்பே, அக்டோபர் 3 அன்று, கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் துர்கா பிறந்தாள். அவர் கருவை உறையவைத்துப் பிறகு கருப்பையில் வைத்ததாகச் சொன்னார். அரசு அமைத்த குழு நம்ப மறுத்தது. அவமதிப்பும் இடமாற்றமும் தொடர, 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று அறியப்பட்ட ஹர்ஷா 1986இல் மும்பையில் பிறக்கக் காரணமான விஞ்ஞானி டி.சி.ஆனந்தகுமாரே பின்னாளில் அவருடைய குறிப்புகளைப் படித்துவிட்டு, முதலிடம் சுபாஷுக்குத்தான் என்று சொன்னார். கருவை உறையவைத்து வேறொரு மாதத்தில் வைப்பது இன்று அன்றாட நடைமுறை. சென்னைக்கு இந்தச் சிகிச்சை 1990இல் டாக்டர் கமலா செல்வராஜ் வழியாக வந்து சேர்ந்தது.

நடைமுறை இதுதான். பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி, ஒன்றுவிட்டு ஒருநாள் ஸ்கேன், முட்டை முதிர்வதற்கு ஒரு கடைசி ஊசி, அதிலிருந்து ஏறக்குறைய 36 மணி நேரத்தில் சிறு மயக்கத்தில் முட்டை எடுப்பு. அன்றே விந்தோடு சேர்த்து, மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ வளர்ந்த கருவை வைப்பார்கள், அல்லது உறையவைப்பார்கள். ஊசி மருந்து சிலவற்றைக் குளிரில் வைக்க வேண்டும். தருமபுரியிலிருந்து சென்னைக்கு வருபவர்கள் ஐஸ் பொட்டலத்தோடு பஸ்ஸில் மருந்தைச் சுமக்கிறார்கள். கடைசி ஊசி மணி தவறாமல் போட வேண்டியது, அது பெரும்பாலும் இரவு நேரமாக இருக்கும். அந்த நேரத்தில் ஊசி போட நர்ஸ் எங்கே கிடைப்பார் என்பது புகழ்பெற்ற மருத்துவமனையின் பெயரைவிட முக்கியமான கேள்வி. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இரண்டு வாரத்தில் ஆறேழு நாள் லீவு தேவைப்படும். அதனால் தூரத்துப் பெரிய பெயருக்கும் பக்கத்து நல்ல மருத்துவருக்கும் இடையில் தயங்கினால், நான் பக்கத்தைச் சொல்வேன்.

விந்தணுவை முட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் இக்சி முறை பெல்ஜியத்திலிருந்து 1992இல் வந்தது. விந்தணு மிகக் குறைந்தவர்களுக்கு அது வரப்பிரசாதம். கணவரின் விந்து சரியாக இருக்கும்போது இக்சி செய்வதால் குழந்தை பிறப்பு கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆனாலும் பில்லில் எல்லோருக்கும் இக்சி என்றே வருகிறது. ஏன் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இனி, போர்டில் எழுதியிருக்கும் வெற்றிச் சதவீதம். ஒரு கணக்குக்காக நூறு பெண்கள் ஊசி போடத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முட்டை சரியாக வளராமல் பத்துப் பேர் நின்றுவிடுகிறார்கள். முட்டை எடுத்தும் கரு உருவாகாமல் இருபது பேர். மிச்சம் 70 பேருக்குக் கரு வைக்கிறார்கள். 35 பேருக்குக் கர்ப்பத்தைக் காட்டும் பீட்டா ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். அவர்களில் 29 பேருக்கு ஸ்கேனில் இதயத் துடிப்பு கேட்கிறது. கடைசியில் 25 பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போகிறார்கள். இதே மருத்துவமனை 70இல் 35 என்று கணக்குப் போட்டு "50 சதவீத வெற்றி" என்று விளம்பரம் செய்யலாம், அதில் பொய்யில்லை. ஆனால் ஊசி போடத் தொடங்கும் பெண்ணுக்கு வேண்டிய எண் 25. பத்தில் ஏழு பேருக்கு டோனர் முட்டை வைக்கும் இடத்திலும், இளம் பெண்களை மட்டும் சேர்க்கும் இடத்திலும் சதவீதம் இன்னும் ஏறும். எனவே கேட்க வேண்டிய கேள்வி இப்படி இருக்க வேண்டும்: "டாக்டர், என் வயதில், எங்களுக்கு இருக்கும் காரணத்தோடு, சொந்த முட்டையில் இங்கே போன வருடம் எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது?" எண் சொல்ல முடியாதவர் குறைந்தபட்சம் அந்தக் கேள்வியை மதிக்கவாவது வேண்டும். பிரிட்டனில் மருத்துவமனைவாரியாக இந்த எண்களை அரசு ஒழுங்குமுறை அமைப்பே வெளியிடுகிறது. அமெரிக்காவில் 1992 முதல் இதற்கென்று சட்டம் இருக்கிறது. இங்கே தேசியப் பதிவேடு வந்துவிட்டது, ஆனால் மருத்துவமனைகளை ஒப்பிட்டுப் பார்க்க நோயாளியின் கையில் அப்படி ஒரு பட்டியல் இல்லை. அது வர வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டிய கடமை நமக்கும் இருக்கிறது.

வயதை எந்த ஆய்வகமும் வெல்வதில்லை. பிரிட்டன் பதிவேட்டில், 35க்குக் கீழ் ஒரு கரு வைத்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குழந்தை பிறக்கிறது. 43 தாண்டிச் சொந்த முட்டை என்றால் இருபதில் ஒருவர் என்ற அளவுதான்.

ஒருமுறை ஐ.வி.எஃப். தோற்ற பிறகு, அதோடு சேர்க்கும் கூடுதல் சிகிச்சைகளின் பட்டியல் நீளும். கருப்பை உட்சுவரைச் சுரண்டுவது பல வருடம் எங்கும் நடந்தது. 2019இல் நியூசிலாந்து தலைமையில் வெளியான ஆய்வில் சுரண்டியவர்களுக்கும் சுரண்டாதவர்களுக்கும் பிறப்பு விகிதம் ஒன்றே, 26.1 சதவீதம். கருவின் குரோமோசோம் எண்ணிக்கையைப் பரிசோதித்து வைப்பதைப் பற்றி 2021இல் சீனாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 37 வயது வரையான, நல்ல கருக்கள் கிடைத்த பெண்களில், பரிசோதித்தவர்கள் 77.2 சதவீதமும் பரிசோதிக்காதவர்கள் 81.8 சதவீதமும் தாயானார்கள். மரபுநோய் உள்ள குடும்பத்துக்கு அந்நோயைக் குறிவைத்துச் செய்யும் பரிசோதனை வேறு, அது தேவையானது. மற்றபடி பிளாஸ்மா ஊசி, கொழுப்பு டிரிப் என்று எதைச் சொன்னாலும், "இதனால் குழந்தை பிறப்பு கூடியதற்கு ஆதாரம் என்ன, இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு 14 நாள் படுக்கை, மாடி ஏறாதே என்பதற்கும் ஆதாரம் இல்லை. நடமாடினால் கரு விழுந்துவிடாது. நெகட்டிவ் வந்தால் "நீ அன்றைக்குத் துணி துவைத்தாய்" என்ற பழியிலிருந்து அந்தப் பெண்ணை முதலில் காப்பாற்ற வேண்டும்.

இரட்டைக் குழந்தை வேண்டும் என்று கேட்பவர்கள் பலர், ஒரே செலவில் இரண்டு என்ற கணக்கு. இரட்டையில் குறைமாதப் பிரசவமும், தாய்க்கு ரத்த அழுத்தமும், பிறந்த பின் இன்குபேட்டர் வார்டில் வாரக்கணக்கில் ஆகும் செலவும் கூடவே வருகின்றன. நல்ல கரு ஒன்றை வைத்து மற்றதை உறையவைக்கச் சொல்லும் மருத்துவர் உங்கள் பக்கம் இருக்கிறார்.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் நோயாளிக்குச் சில பிடிமானங்களைத் தந்திருக்கிறது. மருத்துவமனை பதிவு பெற்றிருக்க வேண்டும், சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். ஐ.யு.ஐ. மட்டும் செய்ய ஒரு நிலை, ஐ.வி.எஃப். செய்ய மேல்நிலை என இரண்டு வகைப் பதிவு உண்டு. பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 என்று வயது வரம்பு உண்டு. கல்யாணமாகாத, கணவரை இழந்த பெண்ணும் சிகிச்சை பெறலாம். செலவு, பக்க விளைவு, வாய்ப்பு எல்லாவற்றையும் விளக்கி எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். கருவை வைக்கும்வரை அந்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். குறை கேட்கும் பிரிவு மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று தேர்ந்து தருவதாகக் காதோடு சொல்லும் இடம் சட்டத்தை மீறுகிறது, அங்கிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

முட்டை தானம் செய்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒருமுறைதான் தரலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, அவருக்குக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும். இந்த விதிகள் ஏன் தேவை என்பது தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரியும். 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியை, ஆதாரில் வயதை மாற்றி, பலமுறை கருமுட்டை கொடுக்கவைத்தது வெளிவந்து, மருத்துவமனைகள் மீது அரசு நடவடிக்கை எடுத்தது. டோனர் முட்டைக்குச் சம்மதிக்கும் தம்பதி, அது எந்தப் பதிவுபெற்ற வங்கியிலிருந்து வருகிறது என்று கேட்பது தங்களுக்காக மட்டுமல்ல, எங்கோ இருக்கும் அந்தப் பெண்ணுக்காகவும்தான்.

பணம். தனியாரில் ஒரு சுற்று ஐ.வி.எஃப். ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் வரை போகிறது. சொல்லப்படும் பேக்கேஜில் ஊசி மருந்து சேருமா, கருவை உறையவைக்க வருடத்துக்கு எவ்வளவு, இரண்டாம் முறை உறைந்த கருவை வைக்கத் தனிச் செலவா என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நகையை அடகு வைத்து மூன்று சுற்றுக்கும் முன்பணம் கட்டுகிறவர்கள், முதல் சுற்றிலேயே மருத்துவமனை மீது நம்பிக்கை போனாலும் மாற முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையம் வந்திருப்பது பெரிய ஆறுதல். வேலூர் சி.எம்.சி. போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதற்கென்று துறை இருக்கிறது. கூட்டம் அதிகம், காத்திருக்க வேண்டும். ஆனால் உங்களிடம் எதையும் விற்க வேண்டிய அவசியம் அங்கே குறைவு.

எங்கே போனாலும் ஃபைல் உங்கள் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு சுற்றிலும் என்ன மருந்து, எத்தனை முட்டை, எத்தனை கரு, என்ன தரம், எத்தனை உறைந்திருக்கிறது என்ற சுருக்கத்தைத் தர மருத்துவமனை கடமைப்பட்டது. அது இல்லாமல் அடுத்த மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவார், செலவோடு.

எத்தனை சுற்றோடு நிறுத்துவது என்பதைத் தொடங்கும் முன்பே இருவரும் பேசிவைத்துக்கொள்வது நல்லது. நெகட்டிவ் வந்த நாளில் அதை முடிவுசெய்ய முடியாது. தத்தெடுக்கும் எண்ணம் இருந்தால், மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் விதிகளையும் இப்போதே படித்துவிடுங்கள். அங்கே காத்திருப்பு வருடக்கணக்கில் நீளும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமானால் கணவன் மனைவி இருவரின் வயதையும் கூட்டினால் 85ஐத் தாண்டக் கூடாது. ஐ.வி.எஃப். எல்லாம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களில் பலர் அந்த 85ஐத் தாண்டிய பிறகுதான் விண்ணப்பத்தைத் திறக்கிறார்கள்.